நிகரக் குடிப்பெயர்ச்சியும் பெங்களூர்க் கணக்கும்

ஒரு நாட்டின் ஜனத்தொகையோ ஓர் ஊரின் ஜனத்தொகையோ மாறுபடுவதற்கு மூன்றே வழிகள் உண்டு. அங்கே குழந்தைகள் பிறக்கின்றன, அங்குள்ளோர் இறக்கின்றனர், மக்கள் வெளியிலிருந்து வந்து குடியேறவோ, அங்கிருந்து வெளியேறவோ செய்கின்றனர். முதல் இரண்டைப் பற்றியும் பள்ளி மாணவர்கூட ஓரளவு அறிவர். மூன்றாவதாகிய குடிப்பெயர்ச்சியே கணக்கிடுவதற்குக் கடினமானது. பெரும்பாலும் தவறாகப் பொருள் கொள்ளப்படுவதும் அதுவே. ஒரு குறிப்பிட்ட காலத்தில் வந்தோரின் தொகையிலிருந்து சென்றோரின் தொகையைக் கழித்தால் எஞ்சி நிற்பது நிகரக் குடிப்பெயர்ச்சி எனப்படும். ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் ஒவ்வொரு நாட்டுக்கும் இதனை மதிப்பிடுகிறது. உலக வங்கி தனது அட்டவணைகளில் அதனை எடுத்து வெளியிடுகிறது. கூட்டல் குறி இருப்பின் நாடு செழிக்கிறது என்றும், கழித்தல் குறி இருப்பின் நலிகிறது என்றும் இவ்வெண்ணை வாசிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. இவ்வழக்கம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைப் பெங்களூரையும், அதற்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலையும் கொண்டு ஆராய்வோம்.

‘நிகர’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நிகர் என்றால் ஒப்பு, சமம் என்று பொருள். ஆகையால் வந்தோரும் சென்றோரும் சமமாக இருப்பதையே இச்சொல் குறிக்கிறது என்று மயங்குவோர் உண்டு. நிகர எடை, நிகர லாபம் என்று கடைக்கணக்கில் வழங்கும் பொருளே இங்கும் கொள்ளத்தக்கது. இலங்கைத் தமிழர் இதே கருத்துக்குத் ‘தேறிய’ என்ற சொல்லை ஆளுகின்றனர். கழித்தபின் தேறியது என்னும் பொருள் அதில் தெளிவாக விளங்குவதால், மொழிபெயர்ப்பாளனுக்கு அதன்மீது சிறிது பொறாமை எழுவது இயல்பே.

பெங்களூர், வந்து சேர்ந்தோரால் வளர்ந்த நகரம். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் சீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படை, அவ்விடத்து விஷக் காய்ச்சலுக்கு அஞ்சி 1809-இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. படையின் பின்னே சென்னை ராஜதானியின் தமிழ் மாவட்டங்களிலிருந்து வணிகரும் தச்சரும் கொத்தரும் சமையற்காரரும் வந்து கண்டோன்மென்டில் குடியமர்ந்தனர். பழைய பேட்டை ஒருபுறமும் கண்டோன்மென்டு ஒருபுறமுமாக நகரம் இரண்டாகவே நெடுநாள் வளர்ந்தது. 1949-இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன.

இந்நகரின் ஜனத்தொகை எக்காலத்தும் ஏறிக்கொண்டே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1891-இல் 1,80,366 ஆக இருந்தது 1901-இல் 1,59,046 ஆகக் குறைந்தது. 1898-இல் பரவிய பிளேக் நோயே இதற்கு முதற் காரணம். நோயினால் மாண்டோர் பலர். நோய்க்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியோரும் பலர். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு இவ்விரு வகையினரையும் ஒரே குறைவாகவே காட்டும். மாண்டவர் திரும்பார், ஓடியவர் பெரும்பாலும் திரும்புவர். வருங்காலத்தைத் திட்டமிடுவோருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அந்த நோயை ஒட்டி அமைக்கப்பட்ட பகுதிகளே.

1941-இல் பேட்டையும் கண்டோன்மென்டும் சேர்ந்து 4.07 லட்சம் மக்கள் இருந்தனர், 1951-இல் 7.79 லட்சம். பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்கு! அக்காலத்துப் பிறப்பு விகிதம் எவ்வளவு உயர்ந்திருப்பினும் பிறப்பினால் மட்டும் இவ்வளவு பெருக்கம் ஏற்பட இயலாது. 1940-இல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கியது. போர்க்காலத்தில் அதற்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர் தேவைப்பட்டனர். 1948-இல் டெலிபோன் தொழிற்சாலையும், 1953-இல் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தோன்றின. 1961-இல் தொகை ஏறத்தாழ 12 லட்சமாயிற்று. பின்னர் கம்ப்யூட்டர்த் தொழில் வந்தது. 2011-இல் நகரத் தொகுதியில் 85 லட்சம் பேர் வாழ்ந்தனர்.

இனி, இப்பெருக்கத்தில் வந்தோரின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நகரத்தின் எல்லை அடிக்கடி விரிவடைவதால் நகரத்தை எடுத்துக்கொள்வது ஆபத்தானது. 2007-இல் சுற்றியிருந்த ஏழு நகரசபைகளும் ஒரு பட்டணசபையும் 110 கிராமங்களும் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டன. அக்கிராமங்களில் பிறந்து, வளர்ந்து, ஓரடியும் நகராதவர்கள் ஒரே நாளில் நகரவாசிகளாயினர். அவர்கள் குடிபெயர்ந்தவர்கள் அல்லர், எல்லைக்கோடுதான் பெயர்ந்தது. ஆகவே 2001-க்கும் 2011-க்கும் இடையே எல்லை மாறாத பெங்களூர் நகர மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

2001-இல் அம்மாவட்டத்தின் ஜனத்தொகை 65.37 லட்சம், 2011-இல் 96.22 லட்சம். பெருக்கம் 30.85 லட்சம். பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்து வரும் இயற்கைப் பெருக்கம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். இரு கணக்கெடுப்புகளின் சராசரித் தொகை ஏறக்குறைய 80.8 லட்சம். பத்தாண்டு இயற்கைப் பெருக்கம் 9.7 லட்சம் ஆகிறது. எஞ்சும் 21 லட்சமே நிகர வரவு. வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டத்தக்க எளிய கணக்குத்தான் இது.

ஆனால் ஆசிரியர்கள் கணக்கை அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. இயற்கைப் பெருக்கத்தை 12 என்பதற்குப் பதிலாக 14 என்று கொண்டால் என்ன ஆகும்? 9.7 லட்சம் 11.3 லட்சமாகிறது, நிகர வரவு 19.5 லட்சமாகக் குறைகிறது. ஆயிரத்துக்கு இரண்டு என்ற சிறு வேறுபாடு 1.6 லட்சம் மக்களை ஒரு பத்தியிலிருந்து மற்றொரு பத்திக்கு மாற்றிவிடுகிறது. 2011-இல் கோலார் தங்கவயல் நகரத்தின் மொத்த ஜனத்தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான்! நிகரக் குடிப்பெயர்ச்சி நேரே எண்ணிப் பெறும் எண் அன்று; மற்றவற்றையெல்லாம் எண்ணியபின் எஞ்சும் எண். ஆகையால் பிறப்புப் பதிவில் விடுபட்ட குழந்தை, பதியப்படாத மரணம், முந்திய கணக்கெடுப்பில் தவறவிட்ட வீடு ஆகிய எல்லாப் பிழைகளும் வழிந்து வந்து இதில்தான் தேங்குகின்றன.

பிறப்பு இறப்புப் பதிவுகள் மிகவும் குறையுடையனவாக இருந்த காலத்தில் அறிஞர்கள் வேறு வழியை நாடினர். பம்பாயிலிருந்த ஜனத்தொகைப் பயிற்சி ஆராய்ச்சி நிலையத்தின் சார்பில் கே. சி. ஸக்கரியா 1901 முதல் 1931 வரை இந்தியாவில் நிகழ்ந்த உள்நாட்டுக் குடிப்பெயர்ச்சியை ஆராய்ந்து 1964-இல் நூலாக வெளியிட்டார். வயதுவாரியான தொகைகளைக் கொண்டு மதிப்பிடும் முறை அது. உதாரணமாக, ஒரு மாவட்டத்தில் முதற் கணக்கெடுப்பின்போது 10 முதல் 14 வயதுள்ளோர் 1,000 பேர் இருந்தனர் என்று கொள்வோம். நாடு முழுவதையும் நோக்கின், அவ்வயதினரில் ஆயிரத்துக்கு 985 பேர் பத்தாண்டு கழித்து உயிருடன் இருக்கின்றனர் என்றும் கொள்வோம். அடுத்த கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தில் 20 முதல் 24 வயதுள்ளோர் 1,300 பேர் காணப்பட்டால், 315 பேர் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர் என்பது தெளிவு. பிறப்புப் பதிவேட்டைத் தொடாமலேயே விடை கிடைத்துவிடுகிறது. எந்த வயதினர் வருகின்றனர் என்பதும் உடன் தெரிந்துவிடுகிறது. பெங்களூர் போன்ற நகரங்களில் இளைஞர் வயதுகளில்தான் வரவு குவிகிறது. அவர்கள் பின்னர் அங்கேயே மணந்து பெறும் பிள்ளைகள் இயற்கைப் பெருக்கத்தின் கணக்கில் சேர்ந்துவிடுவதால், நகர வளர்ச்சியில் குடிப்பெயர்ச்சியின் உண்மையான பங்கு அட்டவணை காட்டுவதைவிட அதிகமே.

நிற்க, இதன் மறுபுறத்தைக் காண்போம். கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்க வேலையை ஏற்றபின், வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் திரள்திரளாக அங்கே சென்றன. 1891-இல் 7,085 பேர் இருந்த ஊரில் 1901-இல் 38,204 பேர் இருந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கங்களை 1956-இல் மைசூர் சர்க்காரும் 1962-இல் மத்திய சர்க்காரும் ஏற்றன. தங்கம் அருகியது, ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது, எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை விழுங்கியது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

1951-இல் தங்கவயலின் ஜனத்தொகை ஏறத்தாழ 1.59 லட்சம், 2011-இல் ஏறத்தாழ 1.62 லட்சம். எல்லைகள் சிறிது மாறியிருப்பினும், அறுபது ஆண்டுகளில் எதுவுமே நிகழாதது போல் தோன்றுகிறது அல்லவா? இதே அறுபது ஆண்டுகளில் இந்தியாவின் ஜனத்தொகை 36 கோடியிலிருந்து 121 கோடியாயிற்று. தங்கவயல் தன் பிள்ளைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நாட்டின் வேகத்தில் வளர்ந்திருந்தால் அங்கே ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்திருப்பர். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அசையாத அந்த எண்ணுக்குள் மறைந்திருக்கின்றனர். அவர்களிற் பலர் சென்ற இடம் பெங்களூரே.

சென்றோரை இவ்வாறு ஒருவாறு மதிப்பிட்டுவிடலாம். செல்லாமலே சென்றுகொண்டிருப்போரை என் செய்வது? விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குச் சென்று, வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புகின்றனர். வீட்டு வாடகை குறைவு, அல்லது சுரங்கக் குடியிருப்பின் பழைய வீட்டை விட மனமில்லை. இவர்கள் குடிபெயர்ந்தவர்கள் அல்லர். நிகரக் கணக்கில் இவர்கள் எண் பூஜ்யம். எனினும் சுரங்கத்தோடு அவ்வூரின் பொருளாதாரமும் மூடப்பட்டதை இவர்களைவிடத் தெளிவாகக் காட்டும் சாட்சி வேறில்லை. நாளுக்கு நான்கைந்து மணி நேரம் வண்டியிலேயே கழியும் ஒருவரது வாழ்வைக் காட்ட நிகரக் குடிப்பெயர்ச்சி பயன்படாது. 2011 கணக்கெடுப்பில் வேலைக்குச் செல்லும் தூரத்தையும், செல்லும் வாகனத்தையும் கேட்ட கேள்வியே அதற்கு உதவும்.

பெங்களூரில் 21 லட்சம் கூடியதென்றால் வேறெங்கோ 21 லட்சம் குறைந்திருக்க வேண்டும். ராய்ச்சூரும் யாதகிரியும் தந்தனர், தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் தந்தன, பீகாரும் ஒடிசாவும் தந்தன. இந்தியாவின் மொத்தக் கணக்கில் இவையனைத்தும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2011 முதல் 2016 வரை ஆண்டுதோறும் ஏறத்தாழ 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் பெயர்ந்தனர் என்று 2016–17-ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை, ரயில்வேயின் முன்பதிவில்லாப் பயணிகள் கணக்கைக் கொண்டு மதிப்பிட்டது. நாட்டின் நிகர எண்ணில் இவர்களில் ஒருவரும் இடம் பெறார். 2020-இல் நோய்த் தொற்றினால் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது தொழிலாளருக்கென விடப்பட்ட தனி ரயில்களில் 63 லட்சம் பேர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். நடந்து சென்றோர் வேறு. இத்தனை பேர் நகரங்களில் இருந்தனர் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரும்பாலோர் அடுத்த ஓராண்டுக்குள் மீண்டும் வேலைக்குத் திரும்பினர். ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவ்வளவு பெரிய துன்பமும் சிறியதோர் எண்ணாகவே எஞ்சும்.

நாடுகளுக்கிடையே நிகழும் பெயர்ச்சியில் இந்தியாவின் குறி கழித்தலே. 2020-இல் இந்தியாவில் பிறந்து வெளிநாடுகளில் வாழ்வோர் ஏறத்தாழ 1.8 கோடி என்று ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் மதிப்பிட்டது. உலகில் இதுவே மிகப் பெரிய தொகை. எனினும் நாட்டின் ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான். ஆகையால் தொகையை மட்டும் பாராமல், ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்னும் விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022-இல் வெளிநாட்டிலுள்ள இந்தியர் வீட்டுக்கு அனுப்பிய பணம் 11,100 கோடி டாலர். கழித்தல் குறிக்குப் பின்னே இத்தகைய வரவு இருப்பதை எண் சொல்லாது. பணம் வந்ததென்பதால் சென்றவர் பிரிவு சிறிதாகிவிடாது என்பதையும் அது சொல்லாது.

கூட்டல் குறியும் எப்போதும் செழிப்பைக் குறிப்பதன்று. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள இசைந்தது. அவ்வாறு கப்பலேறி வந்தவர்கள் இந்தியாவின் வரவுப் பத்தியில் சேர்ந்தனர். 1990-இல் ஈராக், குவைத்தைக் கைப்பற்றியபோது விமானங்களில் அழைத்து வரப்பட்ட ஏறத்தாழ 1.7 லட்சம் இந்தியரும் அவ்வாறே. இவ்விரு சமயங்களிலும் இந்தியாவின் வளம் கண்டு எவரும் வரவில்லை. பிழைப்பை இழந்து வந்தனர். ஜெர்மனியில் 2015-இல் நிகர வரவு 11 லட்சத்தைத் தாண்டியது. அந்நாட்டின் செல்வம் ஒரு காரணமே. ஸிரியா நாட்டுப் போர் அதற்குக் குறையாத மற்றொரு காரணம்.

நிகரக் குடிப்பெயர்ச்சி பொருளாதாரத்தோடு உண்மையிலேயே ஒட்டி நடக்கும் நாட்டுக்கு அயர்லாந்தை உதாரணமாகக் கூறலாம். இப்போது அயர்லாந்துக் குடியரசாக உள்ள நிலப்பகுதியில் 1841-இல் 65 லட்சம் பேர் இருந்தனர். உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபின் தொடங்கிய வெளியேற்றம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1961-இல் எஞ்சியிருந்தோர் 28 லட்சம். 1990-களின் பிற்பகுதியில் தொழில் வளர்ந்தபோது குறி கூட்டலாக மாறியது. 2008-இல் வங்கிகள் சரிந்தபின் சில ஆண்டுகள் மீண்டும் கழித்தலாயிற்று. பின்னர் மறுபடியும் கூட்டல். 2022-இல் 51 லட்சத்தைத் தாண்டியது. சிறிய நாடு, ஒரே மொழி வழங்கும் பெரிய நாடுகளுக்குத் தடையின்றிச் சென்றுவரும் மக்கள், ஒழுங்கான பதிவுகள் ஆகியவை ஒருங்கே அமைந்ததால் அங்கே எண் நல்ல சுட்டியாகிறது. இம்மூன்றும் இல்லாத இடத்தில் அதே நம்பிக்கையை வைப்பது சரியன்று.

இறுதியாக, வீடு வீடாகச் சென்று கேள்வி கேட்போரின் பணியைப் பற்றிச் சில சொற்கள். நம் நாட்டில் ‘எங்கே பிறந்தீர்?’ என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கேட்கப்பட்டு வருகிறது. ஆனால் நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ்கிறது. பெங்களூர் சிவாஜி நகரில் வாழும் பெண் திருப்பத்தூரிலுள்ள தாய்வீட்டுக்குச் சென்று பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் திரும்புகிறாள். பிறந்த இடத்தைக் கொண்டு பார்த்தால் அக்குழந்தை தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்குக் குடிபெயர்ந்தது ஆகிறது! இக்குறையை நீக்கவே 1971 முதல் ‘இதற்குமுன் கடைசியாக வசித்த இடம் எது?’ என்ற கேள்வியும், 1981 முதல் பெயர்ந்ததன் காரணமும் சேர்க்கப்பட்டன. 2011-இல் இவ்வாறு கணக்கிட்டதில் ஏறத்தாழ 45 கோடி பேர் இடம் பெயர்ந்தோராகக் காணப்பட்டனர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் கூறிய காரணம் திருமணம். மணமாகிப் பக்கத்து ஊருக்குச் சென்ற பெண்ணும், தையல் ஆலைக்கு வேலை தேடிப் பெங்களூருக்கு வந்த பெண்ணும் ஒரே தலைப்பின்கீழ் வருகின்றனர். பின்னவளும் மணமானவளாயின், வீட்டு ஆண்மகன் கதவருகில் நின்று ‘கல்யாணமாகி வந்தாள்’ என்று சொல்லிவிடுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அவளிடமே கேட்டால் விடை வேறாக இருக்கலாம். கேட்பதற்கு ஒரு நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவே.

கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்போர் மற்றொரு கடினமான வகையினர். மழைக்காலத்தில் விதைப்புக்கு ஊர் திரும்பி, அறுவடை முடிந்தபின் மீண்டும் வருவோர் இவர்கள். ஊரிலே கேட்டால் ‘பெங்களூரில் இருக்கிறார்’ என்பர். பெங்களூரில் கேட்டால் ‘எங்கள் ஊர் யாதகிரி’ என்பர். இரண்டு இடத்திலும் விடுபடுவதும், சில சமயம் இரண்டு இடத்திலும் சேர்வதும் இதனால்தான். இவர்களுடைய பிள்ளைகளின் பெயர் ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருக்கும். பிள்ளையோ மணற்குவியலின்மேல் விளையாடிக்கொண்டிருக்கும். ஆண்டின் நடுவே நீங்கும் மாணவர் எந்த ஊருக்குச் சென்றனர் என்பதை ஆசிரியர்கள் மாற்றுச் சான்றிதழில் குறித்து வைத்தால், பத்தாண்டுக் கணக்கெடுப்பு காணத் தவறும் பெயர்ச்சியை ஒரு வட்டார அளவிலேனும் காண இயலும்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நோய்த் தொற்றினால் தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்புக்கான மேற்கோள் நாள், பனி மூடிய பகுதிகள் நீங்கலாக, 2027 மார்ச் 1 என்று 2025 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. வழக்கமான பத்தாண்டு இடைவெளிக்குப் பதிலாகப் பதினாறு ஆண்டு இடைவெளி என்பதால், கூட்டிக் கழிக்கும்போது ஆண்டு விகிதத்தைப் பத்தால் பெருக்காமல் பதினாறால் பெருக்க வேண்டியிருக்கும். பிறப்புப் பதிவில் உள்ள சிறு பிழையும் அதே அளவு பெருகும். இந்த இடைவெளியிலேயே பெங்களூரின் மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஒப்பிடுவோர் முதலில் 2011-ஆம் ஆண்டு வார்டுப் படத்தையும் புதிய எல்லைப் படத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு, எந்தத் தெரு எதில் சேர்ந்தது என்று குறித்த பின்னரே கழித்தலைத் தொடங்க வேண்டும்.